செங்கமலம் என்ற ஜரிகை

பிள்ளையார்பாளையத்துக் கொல்லை ஒன்றில், உச்சி வெயிலில் நெருப்புக்கு நிறமே இல்லை. பழைய பட்டுச்சேலைகளை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி பிரிக்கிற தயாளன் அடுப்போரம் குந்தியிருக்கிறான். எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணம் சிவந்து கிடக்க, அதற்குள் உருகிய ஈயம் நடுங்குகிறது. வெள்ளியைத் தவிர மற்றதையெல்லாம் அது தின்றுவிடும். மடித்த அரக்குச் சேலையை நீட்டியவள் முருங்கை நிழலில் நிற்கிறாள். கல்யாணச் சேலை என்றால் முந்தானையில் பெண்ணின் பெயரையும் நெய்திருப்பார்கள். உடுத்தினவள் உயிரோடிருந்தால், அந்தப் பெயரை வெட்டிக் கையில் கொடுத்த பிறகே நெருப்பில் போடுவது தயாளனின் வழக்கம். “கட்டினவங்க இருக்காங்களாம்மா?” என்று கேட்கிறான். “இல்லப்பா. போய்ட்டாங்க. அப்படியே போடு.” மடிப்பைப் பிரிக்காமல் தணல்மேல் வைக்கிறான். பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு சுருள்கிறது. புகை முழுக்க அவள் முகத்துக்கே போகிறது. அவள் இருமவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. துணி போன பிறகும் ஜரிகை போகவில்லை. கறுத்த வலையாக நின்று, உள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோல மெல்ல மடிப்பு விரிகிறது. ஒரு மயில் வருகிறது, இரண்டு மாங்காய் வருகிறது, பிறகு எழுத்துகள். தயாளன் குனிந்து படிக்கிறான்.

“செங்கமலம்... உங்களுக்கு என்னா உறவும்மா?”

“நான்தாம்பா.”

இடுக்கி அவன் கையிலேயே நிற்கிறது. முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை.

“அள்ளிப் போடுப்பா,” என்கிறாள். “ஈயம் காஞ்சிக்கினு இருக்குது.”