இன்னொரு நகல்

விவாகரத்துத் தீர்ப்பின் நகலை நீட்டும்போது கோர்ட் குமாஸ்தா ரங்கசாமிக்கு மனசே ஆறவில்லை. சந்தவாசலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த மாணிக்கம்மாளின் பின்னால் பாஞ்சாலை தலைகுனிந்து நின்றாள். இளம்பெண். முழங்கையில் சூட்டுத் தழும்பு.

"இன்னொரு நகல் வேணுங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

"ஒண்ணு போதாதா?"

"வூட்டுக் கதவுல ஒட்டணும். குடிச்சிட்டு வந்து, எம் பொண்டாட்டிய வெளிய அனுப்புன்னு நிப்பான்."

ரங்கசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டனவளுக்குச் சூடு வெக்கிறானே, அவன வளத்தவளச் சொல்லணும். நாக்கப் புடுங்கற மாதிரி அவள நாலு கேள்வி கேட்டீங்களா?"

"தூங்க வுடாம கேட்டேங்க. அதான் கூண்டுல ஏறி, அவனுக்கு எதிரா சாட்சி சொன்னா."

"பெத்த தாயேவா? யாரும்மா அந்த மகராசி?"

"நான்தாங்க."

ரங்கசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது நகலுக்கான மனுவை அவரே உட்கார்ந்து எழுதினார்.

கைநாட்டு வைத்துவிட்டு, மாணிக்கம்மாள் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"நட பாஞ்சால. போற வழியில வூட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கணும்."

"சாவி, அத்தே?"

"ரெண்டு போதும். உனக்கொண்ணு, எனக்கொண்ணு."

பாஞ்சாலை தலை நிமிர்ந்து நடந்தாள்.