குட்டை லென்ஸ்

“இது என்னம்மா, லென்ஸா? இல்ல, தண்ணி டம்ளரா?”

பறவைப் படக் கழகத்தின் தலைவர் கேட்டதும் குளக்கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தலைவர் கேட்டால் சிரித்தே ஆகவேண்டும். சிரிக்காதவர்களை அடுத்த பயணத்துக்குக் கூப்பிட மாட்டார்.

எங்க அத்தை கேமராவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். “முந்நூறு எம்.எம். சார். போன வாரம்தான் வாங்கினேன்.”

“முந்நூறா!” தலைவருக்குக் குரல் மூக்கு வழியாகத்தான் வரும். “முந்நூறை வெச்சுக்கிட்டுக் கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையை எடுக்கலாம். பறவைக்கு அறுநூறு வேணும்மா, அறுநூறு!”

“அறுநூறு வேணும்” என்றார் பொருளாளர். தலைவர் தும்மினாலும் அவர் ஒருமுறை தும்மிவிடுவார்.

தலைவருடைய அறுநூறுக்குத் தனிப் பெட்டி, தனி முக்காலி, தனி மழைக்கோட்டு. காரில் அதற்குத்தான் முன் சீட்டு. மனைவிக்குப் பின் சீட்டு.

போன வாரம் கடையில் அத்தையும் ஒரு அறுநூறைத் தூக்கிப் பார்த்தவள்தான். பழைய லென்ஸ் விற்கிற கடைக்காரர்தான் தடுத்தார்.

“அக்கா, இது ஸ்கூட்டர் விலை. தூக்கிட்டு வர தனியா ஒரு ஆளும் வேணும்.”

“கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரு துண்டு மாட்டினா சின்ன லென்ஸே தூரமாப் பாக்குமாமே?”

“பாக்கும். ஆனா வெளிச்சம் செத்துப்போயிடும். கிளியை எடுத்தாலும் காக்கா மாதிரிதான் வரும். இந்த முந்நூறை எடுத்துக்குங்க. கை நடுங்கினாலும் அதுவே சமாளிச்சுக்கும். பறவை சின்னதாத்தான் விழும்; ஆனா துல்லியமா விழும்.”

அத்தைக்கு வேலை பல் டாக்டரிடம். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே விளக்கடித்துப் பார்க்கிறவளுக்கு ஒருநாளாவது காட்டையும் வானத்தையும் பார்க்க ஆசை. கழகத்தில் சேர்ந்தால் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். சேரவேண்டும் என்றால் இன்று ஒரு மீன்கொத்தியை எடுக்கவேண்டும். சாயங்காலம் தலைவர் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும்.

“புதுசா வந்தவங்க கேட்டுக்குங்க!” தலைவர் கையைத் தூக்கினார். “நம்ம கழகத்துக்கு ஒரே சட்டம். தீனி போட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. காத்திருக்கணும். இது தவம்!”

“தவம்” என்றார் பொருளாளர்.

“அறுநூறெல்லாம் என்கூட முன்னாடி வாங்க. அம்மா, நீங்க முக்காலியில இடிக்காம அந்த நாணல் ஓரமாப் போயி நில்லுங்க.”

அத்தை ஓரமாகப் போய்ச் சேற்றில் நின்றாள்.

மீன்கொத்தி ஆபீசுக்கு வருகிற மாதிரி நேரத்துக்கு வந்தது. குச்சியில் உட்கார்ந்தது. தொபக்கென்று கீழே பாய்ந்தது. மீனோடு எழுந்தது. முன்வரிசையில் பத்துத் தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம். ஓரத்தில் அத்தையின் கேமரா மட்டும் ‘டிக்’ என்று ஒருமுறை.

சாயங்காலம் கழகக் கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். தலைவரின் மனைவி முதல் வரிசையில், புதுப் புடவையில்.

முதலில் தலைவரின் படம். திரை முழுக்க மீன்கொத்தி. அலகில் மீன், மீனின் கண்கூடத் தெரிந்தது. ஒரே கைதட்டல்.

“பறவைக்குப் பின்னாடி பாருங்க, வெண்ணெய் தடவின மாதிரி! ஒரு தூசு தும்பு இருக்கா?”

“இல்லவே இல்ல” என்றார் பொருளாளர்.

அடுத்து அத்தையின் படம். நாணல், சேறு, தண்ணீர். நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பறவை.

“எங்கம்மா பறவை? கண்டுபிடிச்சா பரிசு உண்டா?”

கூடம் சிரித்தது. அத்தை நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“படம்னா என்ன? வேணாததை வெளிய தள்றது. இவங்க ஊரையே உள்ள அள்ளிப் போட்டிருக்காங்க. இதோ பாருங்க, குப்பை. அந்தா, நீலமா ஒண்ணு. இருங்க, பெருசாக்கிக் காட்டுறேன். எப்படி எடுக்கக் கூடாதுன்னு எல்லாரும் கத்துக்குங்க!”

அவரே பெரிதாக்கினார். துல்லியமாகத்தான் விழுந்திருந்தது.

நாணல் மறைவில் ஒரு நீல வாளி. விளிம்பு வரை தண்ணீர். உள்ளே குட்டிக் குட்டி மீன்கள் பஸ்ஸில் நிற்கிற கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மீன்கொத்தி குளத்திலிருந்து எழும்பவில்லை. அந்த வாளியிலிருந்துதான் எழும்பிக்கொண்டிருந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. தலைவர் படத்தை மாற்றப் பார்த்தார். பதற்றத்தில் விரல் தவறி, வாளி இன்னும் பெரிதானது; கைப்பிடியில் சுற்றியிருந்த துணிகூடத் தெரிந்தது.

“தலைவரே, இது தீனி வெச்ச மாதிரில்ல இருக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமாமா! அநியாயம்!” தலைவரின் மூக்கு சிவந்தது. “எவனோ ஒரு மானங்கெட்டவன் வெச்சிருக்கான். அவன் யாரா இருந்தாலும் இந்தக் கழகத்துல இனிமே இடம் கிடையாது! இந்தம்மாவைத்தான் சேத்துக்கணும், கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு!”

“சேத்துக்கணும்” என்றார் பொருளாளர்.

கைதட்டல் எழும்பும் முன்பே முதல் வரிசையில் புதுப் புடவை எழுந்தது.

“ஏங்க, அது நம்ம பாத்ரூம் வாளிங்க! ஒடஞ்ச கைப்பிடியில துணி சுத்தினதே நான்தான். வீடு கூட்டுற பொண்ணு தூக்கிட்டுப் போயிட்டான்னு நேத்து அவளை வேலைய விட்டே துரத்துனேன். நீங்களும் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனீங்களே!”