புது அரிசியில் ஒரு வாய்

அந்தப் பெண் தட்டிலிருந்த அரிசியை மட்டும் ஓரமாக ஒதுக்குவதை வெர்னா அடுப்புப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

இறைச்சியைத் தின்கிறாள். ரொட்டியைத் தின்கிறாள். அரிசியைத் தொடவில்லை.

மினியாபொலிஸிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர்கள் ஏரிக்கரைக்கு வந்திருந்தார்கள். ஓஜிப்வே பழங்குடி மக்கள் ஏரியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். காலையில் ஆளுக்கொரு சிட்டிகை புகையிலையை ஏரிக்குக் காணிக்கையாகத் தண்ணீரில் போட்டார்கள். பிறகு இருவர் இருவராகப் படகில் ஏறி, ஒருவர் கழி ஊன்றித் தள்ள, மற்றவர் தண்ணீரில் விளைந்து நின்ற காட்டரிசிக் கதிரைக் கோலால் தட்டி, தொப்பலாக நனைந்து கரையேறினார்கள். படகில் இருந்த அரிசியை ஒரு தொப்பிக்குள் அடக்கிவிடலாம்.

தட்டும்போது பாதி அரிசி ஏரியில் விழுவதைப் பார்த்து வாத்தியார் ஹால்வர்சனுக்கு மனசு ஆறவில்லை. அடியில் வலை கட்டிப் பிடித்தால் என்ன என்று கேட்டார்.

"அது ஏரியோட பங்கு சார்," என்றான் வெர்னாவின் சித்தப்பா மகன் வெண்டல். "அதையும் புடுங்கித் தின்னுட்டா, அடுத்த வருஷம் வெறும் தண்ணியத்தான் வறுத்துத் திங்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு அந்தக் காட்டரிசிதான், புது மனோமின். போன வாரம் இதே ஏரியில் தட்டி வறுத்தது, மான்கறியோடு பானையில் வெந்து இறங்கியிருந்தது. இறந்தவர்களுக்கென்று ஒரு சின்னத் தட்டில் முதலில் எடுத்து, வெர்னா பிர்ச் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். உப்பு பார்க்க மட்டும் வெண்டலைக் கூப்பிட்டாள்.

"பாருங்க, எங்க அக்காவுக்குத் தன் சமையல் மேலயே நம்பிக்கை இல்ல."

"உன் வாய் சும்மாதானே கெடக்கு, அதுக்கு ஒரு வேலை," என்றாள் வெர்னா, தலையில் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டே.

அவள் பார்வை போகும் இடத்தை ஹால்வர்சன் கவனித்துவிட்டார். "ஷெல்பி சாப்பாட்டு விஷயத்துல கொஞ்சம் பிடிவாதம். தப்பா எடுத்துக்காதீங்க."

பிடிவாதக்காரப் பிள்ளை தட்டை அலங்கோலப்படுத்தி வைக்கும். இவள் ஒரு அரிசி கீழே சிந்தாமல் ஒதுக்கியிருந்தாள். புளூபெர்ரி ஜாமையும் வேண்டாம் என்று பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டாள். முடி கழுத்துக்கு மேலே கோணலாக வெட்டியிருந்தது, கடையில் வெட்டியது போல இல்லை.

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா?"

"அம்மா," என்றாள் ஷெல்பி. "பிப்ரவரியில. பட்டணத்துல எங்களவங்கன்னு வேற யாரும் இல்ல ஆன்ட்டி. இந்த வழக்கமெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

சாவு விழுந்த வீட்டார் முடியை வெட்டிக்கொள்வார்கள்; அந்த வருஷத்துப் புது விளைச்சல் எதையும் தாமாக எடுத்துத் தின்னக் கூடாது. பழமானாலும் அரிசியானாலும், வேறொருவர் வந்து முதல் வாய் ஊட்டிவிட வேண்டும். ஊட்டிவிடு என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். இந்த ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் கிண்ணத்தோடு வாசலில் போய் நிற்கிறவள் வெர்னாதான்.

ஒரு கரண்டி அள்ளி ஊதினாள். கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"ஆ காட்டு."

ஷெல்பி வெகுநேரம் மென்றாள். கண்ணீர் தாடை வரை வழிந்தது. இரண்டாவது வாயாக ஜாமையும் ஊட்டிவிட்டாள் வெர்னா. அதன் பிறகு அந்தப் பெண் ஒதுக்கி வைத்த அரிசியை வழித்துத் தின்று, எழுந்து போய் இன்னொரு தட்டும் வாங்கி வந்தாள்.

"யாராவது பானையக் காப்பாத்துங்கப்பா!" என்று வெண்டல் கத்தினான்.

பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஏறிய ஷெல்பி திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. அப்பவே ஆச்சு. ஏறு, வண்டி போயிடப்போகுது."

பஸ் போனது. வெண்டலும் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

வெர்னா தலைத்துணியை அவிழ்த்தாள். மே மாதம் புருஷன் லியோனார்டைப் புதைத்த அன்று வெட்டிய முடி இன்னும் காதைத் தொடவில்லை.

வெண்டல் தன் பெண்டாட்டி ஊட்டியிருப்பாள் என்று நினைத்திருந்தான். அந்தப் பெண்டாட்டியோ லியோனார்டின் தங்கை ஊட்டியிருப்பாள் என்று நினைத்தாள். தங்கையோ, ஊருக்கே ஊட்டுகிறவளுக்கா ஆள் இருக்காது என்று இருந்துவிட்டாள். பெர்ரி பழுத்தபோதும் இதே கதைதான். சாப்பிட்டாயா என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். அவர்களிடமும் ஆச்சு என்றுதான் சொன்னாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

துக்கக்காரி இன்னொரு துக்கக்காரிக்கு ஊட்டலாமா என்று அவளுக்குத் தெரியாது. லியோனார்ட் இருந்தால் முதலில் திட்டியிருப்பார், அப்புறம் செய்தது சரிதான் என்றிருப்பார். அவரிடம் கேட்க வேண்டும்போல இருந்தது.

காலையிலிருந்து அந்த வாசனையிலேயே நின்றதில் நல்ல பசி. பானையின் அடியை வழித்து ஒரு கரண்டி அள்ளினாள். உதடு வரை கொண்டுபோய் ஊதக்கூட ஊதினாள்.

பிறகு பிர்ச் மரத்தடிக்கு நடந்துபோய், அதை அந்தச் சின்னத் தட்டில் போட்டாள். லியோனார்டுக்குப் போட அவளாவது இருந்தாள்.