புது ஸ்பீக்கர்

"கார் ஸ்பீக்கர் செத்துப்போச்சு நந்தினி. பழைய வண்டிய நம்ம தலையில கட்டிட்டான்" என்று போன வாரம் விஜயராஜ் அலுத்துக்கொண்டபோது, "ஆமாங்க, புதுசு மாட்டிடலாம்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. காது மந்தம் என்று மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தால், மைன்ஸில் அவன் ஓட்டும் மெஷினைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். எதையும் இரண்டு தரம் சொல்லியே களைத்துப்போன அவளும் அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

இப்போது மந்தாரக்குப்பத்துக் கடை வாசலில், ஷிப்ட் முடிந்த அசதியோடு அவன் காருக்குள் சாய்ந்திருக்கிறான். மாலை வெயில் முன்கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. கழற்றிய பழைய ஸ்பீக்கர்கள் கிழிசல் ஏதுமில்லாமல் தரையில் கிடக்கின்றன. காரிலேயே போன் பேசுவதற்கான மிளகளவு மைக்கை மேலே பொருத்திவிட்டு, "அக்கா, தள்ளி நின்னு ஒரு போன் போடுங்க" என்கிறான் கடைக்கார இனியன். புளியமரத்தடியிலிருந்து நந்தினி அழைக்கிறாள். புது ஸ்பீக்கரின் மணியோசையில் கார்க் கதவே அதிர்கிறது. டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் ஏத்து தம்பி, சன்னமா கேக்குது" என்கிறான் விஜயராஜ். "ஃபுல்லுலதாண்ணே இருக்கு" என்று இனியன் தலையைக் குனிந்துகொள்கிறான். விஜயராஜ் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்கிறான். கண்ணாடி வழியே அவளைப் பார்த்து, மைன்ஸ் இரைச்சலில் செய்வதுபோல உள்ளங்கையைச் சுழற்றி, திரும்பச் சொல் என்று சைகை காட்டுகிறான். அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போனை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறாள்.

"ஸ்பீக்கர் நல்லாத்தாங்க இருக்கு. காது டாக்டர்கிட்ட போலாம், வாங்க."