தோரின்மேல் இரங்கும்

மாதா கோயில் வர இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. தோரினுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

டிராமில் கால் வைக்க இடமில்லை. தவக்காலம் வேறு. பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டு வாரக்கணக்காகிவிட்டதால் ருமேனியாவின் யாஷ் நகரமே கடுகடுவென்று இருந்தது. இடித்தவனை முறைத்தார்கள். இடிக்காதவனையும் முறைத்தார்கள்.

அவனுக்கு முன்னால் பச்சைத் தலைக்குட்டை கட்டிய ஒரு பெண்மணி நின்றாள். ஐம்பது வயது இருக்கலாம். தோளில் தொங்கிய துணிப்பையின் வாயை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன.

பைக்குள் சிவப்புப் பணப்பை இருந்தது. அவள் டிக்கெட் எடுக்கும்போதே தோரின் பார்த்துவிட்டான்.

தோரினின் உதடுகளும் அசைந்துகொண்டுதான் இருந்தன. அம்மா பழக்கிவிட்டது. படி ஏறும்போது, துணி காயப்போடும்போது, சூப் கிண்டும்போது, எந்நேரமும் அதே ஒரு வரி. மூச்சை இழுக்கையில் 'ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே'. விடுகையில் 'பாவியாகிய என்மேல் இரங்கும்'. சில நாள் 'என்மேல்' இருக்கும் இடத்தில் மகன் பெயரை வைத்துச் சொல்வாள்.

அம்மா போய்விட்டாள். வரி போகவில்லை. தொழிலுக்கும் அதுவே தாளமாகிவிட்டது. மூச்சை இழுக்கையில் விரல்கள் உள்ளே போகும். 'இரங்கும்' என்று முடிகையில் பணப்பை வெளியே வந்திருக்கும்.

இதெல்லாம் கடவுளுக்குச் சம்மதமா என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

கோயிலைக் கடக்கும்போது டிராமே சிலுவை அடையாளம் போடும், மூன்று முறை. அந்த நேரத்தில் எந்த வலது கையும் எந்தப் பையையும் பிடித்திருக்காது. தோரினுக்கு அது போதும். அவனுக்குத் தொழில் கை இடது. வலது கை மரியாதையாக ஊரோடு சேர்ந்து சிலுவை போடும்.

ஆனால் இன்று இடது கையில் கட்டு. முந்தாநாள் டிராம் கதவு நசுக்கிவிட்டது. வலது கையை நம்பித்தான் ஏறியிருந்தான். பழைய வழக்கு ஒன்றில் போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. மாட்டினால் நேரே சிறைதான். உள்ளங்கை வியர்த்தது. கோட்டில் துடைத்தான். மறுபடி வியர்த்தது.

டிராம் வளைவில் திரும்பியது. கோபுரம் தெரிந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்மணியின் கை பையை விட்டு நெற்றிக்குப் போனது.

மூச்சை இழுத்தான். விரல்கள் உள்ளே போயின.

'இரங்கும்.'

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து சிவப்புப் பணப்பையை வெளியே எடுத்தன. அந்தக் கை அவனுடைய கோட்டுப் பைக்குப் போயிருக்க வேண்டும்.

நெற்றிக்குப் போனது.

அதற்குக் கோயிலைக் கண்டால் ஒரே வேலைதான் தெரியும். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். பணப்பையும் கூடவே போய்வந்தது. தோரின் பார்த்துக்கொண்டே இருந்தான், நிறுத்த முடியவில்லை.

பெண்மணி திரும்பினாள்.

"டேய்!" என்று தொப்பிக்காரர் ஒருவர் அவன் காலரைப் பிடித்தார்.

"விடுங்கண்ணே, இன்னும் ரெண்டு தடவ பாக்கியிருக்கு. முழுசா போட்டு முடிக்கட்டும்" என்றாள் அவள்.

தோரின் போட்டு முடித்தான். பிறகு பணப்பையை நீட்டினான்.

அவள் அதை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"ஏறும்போதே உன்னைப் பாத்துட்டேன் தம்பி. இவன் கை இன்னிக்கு எங்கயும் போகக் கூடாதுன்னு உனக்காகத்தான் ஜெபம் சொல்லிக்கிட்டு வர்றேன். பேரு தெரியாம சொல்றது, விலாசம் எழுதாம தபால் போடுற மாதிரி இருக்கு. உன் பேரென்ன?"

"தோரின்."

டிராம் நின்று கதவு திறந்தது.

"சரி, ஓடு. அண்ணன் கை சும்மா இருக்காது."

இறங்கினான். கதவு மூடிக்கொண்டது. தப்பித்தாயிற்று. நல்லவேளை என்று மூச்சு விட்டபடியே நிமிர்ந்து பார்த்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடுகள் அசைந்தன. பிறந்ததிலிருந்து கேட்ட வரி. சத்தம் இல்லாமலே புரிந்தது. 'பாவியாகிய தோரின்மேல் இரங்கும்.'

அவன் பெயர் தோரின் அல்ல.

தோரின் அவனுடைய பழைய கூட்டாளி. மாட்டிக்கொண்டதும் இவன் பெயரைப் போலீஸில் சொல்லிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டவன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இவன் அந்தப் பெயரைத்தான் சொல்கிறான், வருகிற வம்பெல்லாம் அந்த நாயின் தலையில் விழட்டும் என்று. வாய் பழகிவிட்டது. யோசிக்காமல் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பிறகு அவன் பெயரை அந்த வரியில் வைத்துச் சொல்ல யாரும் இல்லை. இன்று ஒருத்தி கேட்டாள்.

டிராம் நகர்ந்தது. கூடவே ஓடினான். கட்டுப்போட்ட கையால் கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா! தோரின் இல்லக்கா! எரேமியா! என் பேரு எரேமியா!"

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிய பெயர். பட்டப்பகலில், நட்டநடுத் தெருவில், போவோர் வருவோர் எல்லோருக்கும் கேட்டது.

அவளுக்குக் கேட்கவில்லை. நன்றி சொல்கிறான் என்று நினைத்திருப்பாள், சிரித்துக்கொண்டே கையை அசைத்தாள். உதடுகள் மட்டும் நிற்கவே இல்லை, அந்த அயோக்கியனுக்காக.