தலைகீழாக நட்ட காய்

சினிமா நடிகர் லிசாந்திரோ பால்மா எங்கள் தீவில் ஒரே ஒரு கண்டல் காய் நட்டார். அதைப் பார்த்து நாடே சிரித்தது. தலைகீழாக நட்டிருந்தார்.

கண்டல் என்பது கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம். அதன் காய் முருங்கைக்காய் மாதிரி நீளம். பழுப்பு முனை சேற்றுக்குள் போகவேண்டும், மொட்டு முனை மேலே நிற்கவேண்டும். எங்கள் பக்கம் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும்.

போன வருஷம் கடல் ஏறி வந்து பதினோரு வீடுகளைக் கொண்டுபோய்விட்டது. இறால் பண்ணைக்காரர்கள் வெட்டிப் போட்ட கண்டல் காடு திரும்ப முளைத்தால்தான் மிச்ச வீடுகள் நிற்கும். சேற்றில் சிப்பி பொறுக்கிப் பிழைக்கிற பெண்கள் நாங்கள், சங்கத்தில் பதினான்கு பேர். நாற்பதாயிரம் காய் சேர்த்து ஈரச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தோம். கடல் பொங்கி ஏறும் அடுத்த பெரிய ஓதத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் நடாவிட்டால் அழுகிவிடும். எங்கள் இருபத்தெட்டுக் கைகளால் பாதிகூட முடியாது.

அப்போதுதான் நடிகர் வருவதாகச் சொன்னார்கள். பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருப்பவர். அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஆள் வந்து குவியும் என்று சங்கத் தலைவி எர்மெலிந்தா அக்கா நம்பினார். தேங்காய்ப்பால் ஊற்றி மீன் சமைத்து, வாழைக்காய் வறுத்து வைத்திருந்தார்.

நடிகர் எங்கள் ஊர்ப் பிதென்சியோவின் படகிலிருந்து வெறுங்காலோடு இறங்கினார். "பூட்ஸ் ரொம்ப விலை போல, சேறு படக்கூடாதாம்," என்று அக்கா எங்கள் காதில் சொன்னார். கேமராக்காரர்கள் முழங்கால் வரை புதைந்து ஆளுக்கொரு செருப்பைத் தொலைத்தார்கள். அவர்களை இழுத்துவிடுவதிலேயே இருந்ததால், நடிகர் எப்படி வந்து சேர்ந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

கேமரா ஓடியது. நடிகர் அக்காவின் கையிலிருந்து காயை வாங்கினார். மொட்டு முனையைச் சேற்றில் செருகினார்.

"ஐயா, அது தலை. காலுதான் கீழ போகணும்."

"சரிங்கம்மா." பிடுங்கினார். மறுபடியும் தலையையே செருகினார்.

அக்கா பொறுமையாக இன்னொரு தடவை சொன்னார். அவரும் பணிவாக இன்னொரு தடவை பிடுங்கி, மறுபடியும் அதையே செய்தார். அக்காவின் பொறுமை போய்விட்டது.

"காய்க்குத் தலை எது கால் எதுன்னு தெரியல, நீ பூமியைக் காப்பாத்தப் போறியா? படுக்கும்போது தலையணை எந்தப் பக்கம்னாவது தெரியுமா உனக்கு?"

நடிகர் தலைகுனிந்து நின்றார். சமைத்த மீனை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா பரிமாறவில்லை.

மறுநாளே அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் இருந்தது. பெரிய வீரனாக நடித்தவரைச் சிப்பிக்காரி ஒருத்தி திட்டுவதைக் கண்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலையணைப் பேச்சு பாட்டாகக்கூட வந்துவிட்டது.

அக்கா படகுத்துறையில் சாக்குகளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அவன் எப்படி நட்டிருந்தா எனக்கென்ன? நம்ம ஊரே கேலிக்கூத்தாப் போச்சே."

நாலாம் நாள் காலையில் ஒரு படகு வந்தது. எஸ்மெரால்தாஸ் நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள், முப்பது பேர். "நடிகருக்குத் தலையணைப் பக்கம் காட்டிக்கொடுக்க வந்திருக்கோம்," என்றார்கள். ஆளுக்கொரு காயைச் சரியாக நட்டு, "பாத்துக்குங்க லிசாந்திரோ, இப்படி," என்று படம் பிடித்து அனுப்பினார்கள். பிறகு போக மனமில்லாமல் சாயங்காலம்வரை நட்டார்கள்.

மறுநாள் ஐந்து படகு. அதற்கடுத்த நாள் நாங்கள் எண்ணவில்லை. மாதா கோவில் பெண்கள், கால்பந்துக் குழு, குடும்பத்தோடு வந்த போலீஸ்காரர். எல்லோருக்கும் அந்த நடிகரைவிடத் தாங்கள் கெட்டி என்று காட்டவேண்டும். அக்கா திட்டினால்தான் நடுவேன் என்று ஒருவர் அடம்பிடித்தார். அக்காவும் திட்டினார்.

பதினோராம் நாள் சாக்குகள் காலி.

ஓடைக்கு அந்தப் பக்கம், நடிகர் நட்ட இடம்தான் பாக்கி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரலாம் என்று அக்கா கிளம்பினார். படகோட்டி பிதென்சியோ எங்களைக் கொண்டுபோய் விட்டான்.

காய் நேராக நின்றது. பழுப்பு முனை கீழே, பச்சை மொட்டு மேலே. அதன் அடியில் ஒரு வெற்றுச் சிப்பி, சேற்றில் பாதி அழுத்திக் கவிழ்த்து வைத்திருந்தது.

காய் நட்டால் பக்கத்தில் சிப்பி கவிழ்ப்பது எங்கள் வழக்கம். சேற்றிலிருந்து நாம் எடுத்ததைச் சேற்றுக்கே திருப்பிக் கொடுப்பது. சிப்பி பொறுக்குகிறவர்களைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். வந்தவர்கள் ஒருவருக்கும் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

"எவடி இங்க வந்தது?" என்று அக்கா கேட்டார். நாங்கள் யாரும் வரவில்லை.

பிதென்சியோ துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்றா."

அன்று திரும்பும்போது, கேமராக்காரர்கள் பெரிய படகில் முன்னால் போனதும், நடிகர் பிதென்சியோவின் படகைத் திருப்பச் சொன்னாராம். வேர் மேல் கால் வைத்து, கணுக்கால்கூடப் புதையாமல் நடந்து வந்தாராம். காயைத் திருப்பி நட்டாராம். சிப்பியைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்தாராம். அவருடைய அம்மா, தெற்கே ஏதோ கழிமுகத்தில் நாற்பது வருஷம் சிப்பி பொறுக்கினவராம்.

அக்கா குனிந்து அந்தச் சிப்பியைச் சேற்றில் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டார்.

"ஏன்டா, அன்னிக்கே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"இங்க வரும்போதே சத்தியம் வாங்கிட்டார்க்கா. 'ரெண்டு வருஷம் சரியா நட்டுக் காட்டினேன், ஒருத்தரும் பாக்கல. அந்தம்மா என்னைத் திட்டணும், நிஜமாத் திட்டணும். உண்மை தெரிஞ்சா அவங்களுக்கு மனசு வராது'ன்னார்."