கவிழ்த்து வைத்த கைக்கடிகாரம்

கனடாவின் யூனியன்வில்லில் இரவுச் சாப்பாடு முடிந்தும் வெயில் போகவில்லை. தாய்ப்பேயில் இப்போது காலை. கௌசியின் மடிக்கணினித் திரையில் அவளுடைய பழைய பேராசிரியர் தெங், இன்று தைவானின் கல்வி அமைச்சர், நாடாளுமன்றத்தில் தனியாக நிற்கிறார். உறுப்பினர்கள் எழுந்து, அவரைப் பதவி விலகச் சொல்லிக் கத்துகிறார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைக்கிறார். கௌசியின் கையில் தேநீர் ஆடை படர்ந்து ஆறுகிறது. "என்னப்பா, முகம் மாறுது?" என்கிறான் கணவன் பிரசாந். "ஒரு ஸ்டூடன்ரைப் பெயிலாக்கிறதெண்டு முடிவெடுத்தா உப்பிடித்தான் கழட்டி வைப்பார். பிறகு ஒரு கேள்வியும் கேக்கமாட்டார்." "இண்டைக்கு ஆரை?" அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். எதிர்வீட்டு வாசலில், அவருடன் தைவானுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட தெங்கின் மனைவி ரோசாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். படியில் கிடக்கும் அவருடைய போன் அடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் குழாயை இன்னும் பெரிதாகத் திறக்கிறார்.